வளையல் சத்தம்

இப்போது கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற முனையில் அன்று ஒரு புங்கமரம் இருந்தது. வியாழக்கிழமைதோறும் அதன் கீழே சங்கத்து ஜீப் வந்து நிற்கும். சங்கம் என்றால் பெருநோய்க்கு, அதாவது தொழுநோய்க்கு, இலவசமாக வைத்தியம் பார்க்கிற தொண்டு நிறுவனம். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஜீப்பின் பக்கவாட்டில் எழுதியும் இருந்தது. எங்கள் ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

அந்த மரத்தடிக்கு மருந்து வாங்க வருகிறவர்களில் ஒருவர்கூட எங்கள் ஊர்க்காரர் இல்லை. எல்லோரும் மணிமங்கலம் பக்கத்து ஆட்கள். அதற்காக எங்கள் ஊரில் வியாதியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஜீப் திங்கட்கிழமைகளில் மணிமங்கலத்தில் நிற்கும். திங்கட்கிழமை வந்தால் எங்கள் ஊரில் சிலருக்கு மணிமங்கலம் பெருமாள் மீது திடீரென்று பக்தி வந்துவிடும். வியாழக்கிழமை வந்தால் மணிமங்கலத்தாருக்கு எங்கள் ஊர்ச் சந்தையில் வேலை வந்துவிடும். எங்கள் ஊரில் சந்தையே கிடையாது.

எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. ஏரிக்கரை முனீஸ்வரனுக்குப் பயப்படுவேன், கணக்கு வாத்தியாருக்குப் பயப்படுவேன், ஆனால் அந்த ஜீப்புக்குப் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை அதில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலில் ஆறாத புண் இருந்தது, ஆஸ்பத்திரியில் வைத்து ஆற்றி அனுப்புவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குள் பரவிய செய்தி வேறு. அங்கே பெரிய மதில் இருக்கிறது, உள்ளே போனவர்களுக்குச் சொந்தப் பெயர்கூட மறந்துவிடும் என்று என் பக்கத்தில் உட்கார்ந்தவள் சொன்னாள். அன்றிலிருந்து அந்த ஜீப் சத்தம் கேட்டால் நான் என் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அந்த ஆண்டு சங்கத்து நர்ஸம்மா எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். வெள்ளைப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், கையில் ஒரு கோழியிறகு. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, இறகால் கையில் தொட்டாள். எங்கே தொட்டேன் என்று விரலால் காட்டு என்றாள். அவள் காட்டினாள். உடம்பில் வெளுத்த படை இருந்து, அங்கே தொட்டால் தெரியாவிட்டால், அதுதான் வியாதியின் ஆரம்பம். அப்போதே மாத்திரை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்றாள். அடுத்த முறை வந்து எல்லோரையும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாளைக் காட்டிவிட்டுப் போன ஒரே ஆள் அவள்தான்.

எனக்கு இடது முழங்கைக்கு மேலே, பின்பக்கத்தில், ஒரு படை இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அம்மாதான் முதலில் பார்த்தாள். எங்கள் வீட்டில் எதற்கும் கடைசி வார்த்தை அத்தையுடையது. அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவள். அவள் என் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “தேமல்டி இது. பூவரசங்காய ஒடச்சித் தேயி, போய்டும்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த ஜீப்புக்கார பொம்பளகிட்ட காட்டிக் கீட்டி வெக்காத. பொட்டப்புள்ள. நாளைக்கு எவன் வந்து கேப்பான்?” என்றாள். பூவரசங்காய்ப் பால் பூசிப் பூசி என் கை மஞ்சளாயிற்று. படை அப்படியே இருந்தது.

நர்ஸம்மா பள்ளிக்கூடத்தில் செய்து காட்டியதை நான்தான் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் மத்தியானம், அத்தை புல் அறுக்கப் போனதும், அம்மா என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கையில் எங்கள் சேவலின் இறகு ஒன்று இருந்தது.

“கண்ண மூடு. தொட்டா எங்கன்னு காட்டு” என்றாள்.

மூடினேன். மணிக்கட்டில் தொட்டாள், காட்டினேன். தோளில் தொட்டாள், காட்டினேன். அதற்குப் பிறகு அவள் வளையல் சத்தம் கேட்டது, ஆனால் எங்கேயும் ஒன்றும் படவில்லை. அம்மாவுக்கு இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்கள் நிறைய உண்டு. கையை அசைத்தாலே ஒலிக்கும். ஒலித்துவிட்டது, ஆனால் தொடவில்லை. அப்படியானால் எங்கே தொட்டிருப்பாள்? மதில் சுவர் கண்முன் வந்தது. சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. தெரிகிற இடம் எதிலும் தொடவில்லை என்றால், தெரியாத இடத்தில்தான் தொட்டிருக்க வேண்டும். விரலை நேராகப் படையின் மேல் வைத்தேன்.

“ஆங்” என்றாள் அம்மா. அந்த ஒரு சத்தத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. என்னை இழுத்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள்.

கணக்கில் எப்போதும் கோட்டைவிடுகிற எனக்கு இந்தக் கணக்கு மட்டும் எப்படிப் பிடிபட்டதோ தெரியவில்லை. அதன் பிறகு தினமும் மத்தியானம் இந்தப் பரீட்சை நடந்தது. நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை. வளையல் ஒலிக்கும், ஒன்றும் தெரியாது, படையைக் காட்டுவேன். இது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். ஆனாலும் படுக்கும்போது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வேன். அந்த இடத்தை நானே கிள்ளிப் பார்ப்பேன். வேறு யாருடைய கையையோ கிள்ளுவது போலிருக்கும். உடனே கையை எடுத்துவிட்டுப் பெயரைச் சொல்லிப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் நல்ல வெயில். கண்ணை மூடி நின்றிருந்தேன். வளையல் ஒலித்தது. எங்கேயும் படவில்லை. வழக்கம்போலப் படையின் மேல் விரலை வைத்தேன்.

“ஆங்” வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். அம்மாவின் கை அவளுடைய நெற்றியில் இருந்தது. முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துடைத்த கையை இறக்காமல் அப்படியே என்னைப் பார்த்தாள். இறகு மடியில் கிடந்தது.

“நான் இன்னும் தொடவே இல்லயேடி” என்றாள்.

எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அன்று மாடு தண்ணீர் குடித்து முடித்து வெகுநேரம் கழித்தும் அங்கேயே நின்றிருந்தாள்.

மறுநாள் அத்தை கிளம்பியதும் நான் கொட்டகைக்குப் போனேன். அம்மா தரையில் உட்கார்ந்து மணிக்கட்டில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். விரல்களைக் குவித்து, பல்லைக் கடித்து, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்று உடைந்து புறங்கையில் கீறிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு அடுத்ததைக் கழற்றினாள். கடைசியில் இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

பெரியவர்கள் வளையலைக் கழற்றி நான் பார்த்தது அதற்கு முன் ஒரே தடவைதான். மாமா இறந்தபோது நாலைந்து பெண்கள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்தார்கள். அத்தை அன்று கத்திய கத்தல் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்பா காலையில்தான் வாலாஜாபாத் ரைஸ்மில்லுக்குச் சைக்கிளில் போயிருந்தார். அந்த ரோட்டில் லாரி அதிகம்.

“அப்பாக்கு இன்னா ஆச்சும்மா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஆவல. கண்ண மூடு” என்றாள். குரல் உடைந்திருந்தது. அதனால் நான் நம்பவில்லை.

கண்ணை மூடினேன். இருட்டில் லாரியும் சைக்கிளும்தான் தெரிந்தன. மணிக்கட்டில் இறகு பட்டது, காட்டினேன். தோளில் பட்டது, காட்டினேன். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. சத்தமே இல்லை. மாடு அசைபோடுவது மட்டும் கேட்டது. அம்மா இன்னும் அடுத்த இடத்தைத் தொடவில்லை என்று காத்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் நின்றேன். கடைசியில் கண்ணைத் திறந்தபோது, அவள் என் முழங்கைக்கு மேலே இறகை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இறகின் தண்டே வளைந்திருந்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“நான் அப்பாவ நெனச்சிக்கினு இருந்தேம்மா, அதான் தெரியல. இன்னொரு வாட்டி தொடு” என்றேன். அவள் தொடவில்லை.

புல்லுக்கட்டோடு திரும்பிய அத்தை அம்மாவின் கையைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டுவிட்டாள். “அடிப்பாவி! இன்னா காரியம் பண்ணிக்கீற! எந்தம்பி உசுரோட கீறான்டி!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். கழற்றின வளையலைத் திரும்பப் போடக்கூடாது, வளையல்காரர் வந்து புதிதாகப் போட்டால்தான் உண்டு. அவர் எப்போது வருவாரோ. உடனே நூலை மஞ்சளில் நனைத்து அம்மாவின் இரண்டு மணிக்கட்டிலும் அவளே கட்டினாள். அப்போதுதான் ஏன் கழற்றினாள் என்று கேட்டாள். அம்மா சொன்னாள். அத்தை முடிச்சைப் போட்டபடியே கேட்டுவிட்டு, “இங்க ஜீப்புக்குப் போவாத. திங்கக்கெழம மணிமங்கலம் போய்க்கலாம். ஊரு பாக்காது” என்றாள்.

“நாளைக்கே போறேன் அண்ணி. இன்னும் நாலு நாளு என்னால தாங்க முடியாது” என்றாள் அம்மா. அத்தையை எதிர்த்து அவள் பேசியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வியாழக்கிழமை. பட்டப்பகலில், தெருவே பார்க்க, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு புங்கமரத்துக்கு நடந்தாள். நான் நடக்கவில்லை, இழுபட்டேன். மரத்தடியில் ஒரு பெரியவரின் காலைத் தட்டில் வைத்துச் சங்கத்து ஆள் ஒருவர் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். மணிமங்கலத்துக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. எனக்கு அந்தக் கதவு ஒன்றுதான் தெரிந்தது.

நர்ஸம்மா இறகால் தொட்டாள். அவள் கையில் வளையல் கிடையாது, நான் தோற்றுப்போனேன். முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து நரம்பை உருட்டிப் பார்த்தாள். விரல்களை விரிக்கச் சொல்லி, இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து, இறுக்கிப் பிடி என்று சொல்லி இழுத்துப் பார்த்தாள். பிடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

“நல்ல நேரத்துல கொண்டாந்துட்டீங்கம்மா. இப்படியே விட்டிருந்தா வெரலு மடங்கிப் போயிருக்கும். மாத்திரைய விடாம குடுங்க. ஸ்கூலுக்கு அனுப்புங்க. எல்லாரோடயும் ஒக்காந்து சாப்புடலாம், ஒண்ணும் ஆவாது” என்றாள். பிறகு வளையல் இல்லாமல் மஞ்சள் நூல் மட்டும் கட்டியிருந்த அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, “புள்ளைக்கு அப்பா இல்லையாம்மா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“கீறாரும்மா, கீறாரு” என்று அம்மா அவசரமாகச் சொன்னாள்.

ஜீப் உறுமியது. நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, என் பெயரைச் சத்தமாகவே சொல்லிக் கத்தினேன். ஜீப் என்னை ஏற்றாமலே போய்விட்டது. என்னால் நம்ப முடியவில்லை. கையில் மாத்திரைப் பொட்டலம் இருந்தது.

மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டேன். அந்த இடம் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது, ஆனால் இதை எழுதுகிற விரல்கள் அத்தனையும் நேராக இருக்கின்றன. வெகுகாலம் எனக்கு அம்மாவின் மேல் ஒரு கோபம் இருந்தது. வளையலைக் கழற்றி என்னை ஏமாற்றித் தோற்கடித்துவிட்டாள் என்று.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கடுத்த நாட்களைப் பற்றி. வளையல்காரர் வரும்வரை, விளக்கு வைக்கிற நேரமானால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய்விடுவாள். மஞ்சள் நூல் கட்டிய கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வாலாஜாபாத் ரோட்டையே பார்த்து நிற்பாள். லாரி ஒன்று வேகமாக வந்தால் என் தோளை இறுக்குவாள். அப்பாவின் சைக்கிள் மணி கேட்டதும் முன்னால் நடந்து வீட்டுக்குள் போய்விடுவாள். திடீரென்று அம்மாவுக்கு அப்பாவின் மேல் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி.

கடைசியில் வளையல்காரர் வந்தார். கை நிறையப் பச்சை வளையல் போட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நான் மட்டும் தெருமுனையில் நின்றேன். அப்பா சைக்கிளை விட்டு இறங்கி, “அம்மா வர்லியா?” என்று கேட்டார். சோறு வடிக்கிறாள் என்று சொன்னேன். அவளுக்கு உங்கள் மேல் இருந்த ஆசையெல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.