ஏழாம் குழியின் மணிக்காரர்

அந்த மலை ஓட்டலின் கோல்ஃப் மைதானம் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. பழசு என்பதால் அங்கே எதையும் திருத்தக் கூடாது. எந்தப் புண்ணியவானோ ஏழாம் குழியை ஒரு மேட்டுக்குப் பின்னால், பள்ளத்தில் கொண்டுபோய்த் தோண்டித் தொலைத்திருந்தான். பந்தை அடிக்கிறவர் கண்ணுக்குக் குழியும் தெரியாது, கொடியும் தெரியாது. வேறு இடமாக இருந்தால் இதைத் தப்பு என்பார்கள். இங்கே பாரம்பரியம் என்று சொல்லி அறை வாடகையை ஏற்றிவிட்டார்கள்.

அதனால் பள்ளத்தில் ஒரு மணிக்கம்பம், அதன் கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள். புல்தரை காலியாக இருந்தால் மணியை ஒரு தரம் அடிக்க வேண்டும். மேட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிறவர் பந்தை அடிப்பார். ஒரே அடியில் பந்து குழிக்குள் விழுந்துவிட்டால் மூன்று தரம் அடிக்க வேண்டும். முப்பது வருஷமாக இதுதான் நம்ம மணிக்காரரின் உத்தியோகம்.

மணியை அடித்தது கை. சம்பாதித்தது கால் பெருவிரல். சிரித்துப் பேசுகிற விருந்தாளி, பாவம், ரொம்ப தூரத்திலிருந்து வந்தவர் என்று தோன்றினால், குழிக்குப் பக்கத்தில் நிற்கும் பந்தை மணிக்காரர் விரலால் லேசாகத் தட்டிவிடுவார். உள்ளே 'டொப்'. மேலே டாண், டாண், டாண். அன்று சாயங்காலமே மதுக்கூடத்துப் பலகையில் அந்த விருந்தாளி பெயரைத் தங்க எழுத்தில் எழுதிவிடுவார்கள். ரிட்டயரான நீதிபதி பெயர் அதில் இருந்தது. டாக்டர் பெயர் இரண்டு தரம் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா!

பூசாரி கொடுக்காதது ஒரே ஒருவருக்குத்தான். மைதானத்தை நடத்தும் கிளப்பின் தலைவருக்கு. அவருடைய மாமனார் பெயர் பலகையில் உண்டு, நேற்று வந்த மாப்பிள்ளை பெயர்கூட உண்டு, அவர் பெயர் இல்லை. காரணம் இருந்தது. மணிக்காரரின் அம்மா செத்துப்போன சேதி வந்த அன்று, "ஆட்டம் முடியட்டும், பொணம் எங்கேயும் ஓடிடாது" என்று மணிக்காரரைக் கடைசியான பதினெட்டாம் குழி வரைக்கும் தன் மட்டைப் பையைத் தூக்க வைத்த மனுஷன் அவர். மணிக்காரர் அன்று வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து விரலையும் அசைக்கவில்லை.

இப்படி இருக்கும்போது, தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளை இடித்துவிட்டு அங்கே எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஒரு ஸ்பா கட்டப் போகிறோம் என்றது நிர்வாகம். மணிக்காரர், தோட்டக்காரர், சலவைக்காரர், சமையல்கட்டு ஆட்கள் எல்லாருக்கும் அந்த வரிசையை விட்டால் போக்கிடம் கிடையாது. நிர்வாகத்தில் செல்வாக்குள்ள தலைவர் மணிக்காரரை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலை வாங்க ஒரு பெரிய முதலாளி வருகிறார், அவரோடு தான் ஆடப் போவதாகச் சொன்னார். ஏழாம் குழியில் நல்ல சேதி வந்தால் மணிக்காரர் வீடு மட்டும் நிற்கும் என்றும் சொன்னார்.

மணிக்காரர் அதை மனைவியிடம் வந்து சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சுத்தி எல்லாத்தையும் இடிச்சிட்டு நம்ம வீடு மட்டும் நின்னா, அது வீடா? பொக்கை வாயில ஒத்தைப் பல்லு மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

மணிக்காரருக்கும் அது உறுத்தியது. ஆனாலும் எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிறு காலை நல்ல மூடுபனி. மணிக்காரர் கொடியை நட்டு, டீ குடித்து, கம்பத்தடிக்குத் திரும்பினார். ஒரு தரம் மணி அடித்தார். முதலாளியின் பந்து எங்கேயோ போனது. தலைவரின் சிவப்புப் புள்ளி வைத்த பந்து புல்தரையின் ஓரத்தில் வந்து சோம்பலாக உட்கார்ந்தது. மணிக்காரர் அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விரலால் உருட்டினார். வழக்கமான 'டொப்' வரவில்லை. கல்லோடு கல் மோதியது போல 'டக்' என்றது. குனிந்து பார்த்திருக்க வேண்டும். முப்பது வருஷப் பழக்கம், விரல் தட்டிய உடனே கை கயிற்றை இழுத்துவிட்டது. டாண், டாண், டாண்.

ஓட்டமும் நடையுமாகத் தலைவர், முதலாளி, கூட வந்திருந்த நீதிபதி, டாக்டர் எல்லாரும் பள்ளத்துக்கு இறங்கினார்கள். முதலாளியே குழிக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுத்தார். சிவப்புப் புள்ளி. கைதட்டினார்கள். குழிக்குள் இன்னொன்று தெரிந்தது. அதையும் எடுத்தார். அதிலும் சிவப்புப் புள்ளி.

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? மணிக்காரர் மீது நம்பிக்கை இல்லாமல், அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் டிரைவரை விட்டுக் குழிக்குள் ஒரு பந்தைப் போடச் சொல்லியிருந்தார் அந்த உத்தமர். டிரைவர் புதருக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதிபதிக்கும் டாக்டருக்கும் வியர்த்தது. இந்தக் குழியைக் கிளறினால் தங்கள் தங்க எழுத்தும் சேர்ந்து வெளியே வரும் என்று புரிய அவர்களுக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. ஆயுசு முழுக்கச் சாட்சிகளை மிரட்டிய நீதிபதி, மணிக்காரரிடம் தேனாகக் கேட்டார்.

"ஒண்ணு தலைவர் நேத்து ஆடினப்போ விழுந்த பந்துதானே? எடுக்க மறந்துட்டே, இல்ல?"

தலைவர் மணிக்காரரின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை அந்தத் தோளில் பட்டது அன்றுதான்.

"ஆமான்னு சொல்லுப்பா. உன் வீட்டுக்கு நான் பொறுப்பு."

மணிக்காரர் தலையைச் சொறிந்தார். மனைவியின் கரண்டி ஞாபகம் வந்தது.

"எனக்கு ஞாபகம் கம்மிங்க ஐயா. எதுவா இருந்தாலும் வரிசை வீட்டுல யாராவது எடுத்துச் சொன்னாத்தான் ஞாபகம் வரும். அவங்க எல்லாரும் அங்கேயே இருந்தா, ஆமான்னு வந்துடும்."

தலைவர் மென்று விழுங்கினார். பிறகு திரும்பி முதலாளியைப் பார்த்து, வரிசை வீடுகளும் இந்த மைதானத்தின் பாரம்பரியம், அதில் ஒரு செங்கலைக்கூடத் தொடக் கூடாது என்பதுதான் கிளப்பின் கொள்கை என்று கணீரென்று அறிவித்தார். நீதிபதி ஆமோதித்தார். டாக்டர் இரண்டு தரம் ஆமோதித்தார். மணிக்காரருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

ஸ்பா கிளப்பின் டென்னிஸ் மைதானத்தில் எழும்பியது. பலகையில் தலைவர் பெயர் எல்லாருடையதையும்விடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் மின்னியது. சலவைக்காரர் மனைவி மணிக்காரர் வீட்டுத் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் ஒரு பனிக்காலையில் தலைவர் மறுபடி ஆட வந்தார். சிவப்புப் புள்ளிப் பந்து மேட்டைத் தாண்டி வந்து, ஒரு குதி குதித்து, யார் விரலும் படாமல் உருண்டு நேராகக் குழிக்குள் விழுந்தது. 'டொப்'. முப்பது வருஷத்தில் மணிக்காரர் பார்த்த முதல் நிஜமான அடி.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து பந்தை எடுத்து முள்ளுப்புதருக்குள் வீசினார். "பொணம் எங்கேயும் ஓடிடாதுன்னு சொன்னாரும்மா" என்று முணுமுணுத்துவிட்டு, அடுத்த ஆள் அடிக்கலாம் என்று மணியை ஒரே ஒரு தரம் அடித்தார்.