ஞாயிற்றுக்கிழமை அணி

எங்கள் கால்பந்து அணி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜெயிக்கும். மற்ற நாளெல்லாம் தோற்கும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மாதா செய்த அற்புதம், புதுமை என்று ஏதோ சொல்ல வருகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. தூத்துக்குடி விசைப்படகுகள் திங்கள் முதல் சனி வரை விடியுமுன் கடலுக்குப் போய் இருட்டின பிறகுதான் கரை திரும்பும். ஞாயிறு மாதா கோயில் பூசை நாள், அன்று யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் கடற்கரையின் கட்டுப்பாடு. எங்கள் அணியில் பந்தாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் படகில் போகிறவர்கள். அவ்வளவுதான் விஷயம்.

நான் கோலி. வேலை ஐஸ் கம்பெனியில். ஐஸ் பார்களை உடைத்து, அரைத்து, படகில் ஏற்றிவிடுவேன். கடலுக்குப் போவதில்லை. சின்ன வயதில் இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் குடலே வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்து, 'இவன் கரைக்குத்தான் லாயக்கு' என்று பேர் வாங்கினவன். கடற்கரையில் பிறந்தவனுக்கு இதைவிடக் கேவலம் வேறு கிடையாது. கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றால்தான் அந்தப் பேர் எனக்கு மறக்கும். எல்லா மேட்சுக்கும் நான் இருப்பேன். ஞாயிறு ஜெயித்தபோதும் நான்தான் கோலி, புதன்கிழமை ஏழு கோல் வாங்கினபோதும் நான்தான் கோலி.

நான் சொல்கிற வருஷத்துக்கு முன்பு இந்தத் தொல்லை இருந்ததில்லை. மாவட்ட லீக்கில் நாங்கள் ஆடுவது மூன்றாம் பிரிவு. அதற்குக் கீழே பிரிவு கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த லீக்கை எப்போதும் மீன்பிடித் தடைக்காலத்தில் நடத்துவார்கள். படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும், பதினோரு பேரும் இருப்போம். பெரிதாகக் கோப்பை ஒன்றும் வாங்கியதில்லை என்றாலும் நடுவில் எங்கேயாவது நின்றுகொள்வோம். அந்த வருஷம் என்ன ஆயிற்று என்றால், கோடை விடுமுறை பூராவும் மைதானத்தை ஒரு பொருட்காட்சிக்காரனுக்கு விட்டுவிட்டார்கள். ராட்சத ராட்டினம், டெல்லி அப்பளம், பேய் வீடு. நாங்கள் வேலிக்கு வெளியே நின்று அப்பளம் தின்றோம். தடை முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போன பிறகுதான் ராட்டினத்தைக் கழற்றினார்கள். அதற்கு அடுத்த வாரம் லீக்கைத் தொடங்கினார்கள், வாரநாளில், சாயங்காலம் நாலு மணிக்கு.

கடைசி இடத்துக்கு வருகிற அணியை லீக்கை விட்டே எடுத்துவிடுவார்கள் என்பது விதி. எடுத்தால் எடுத்ததுதான். மறுபடி உள்ளே வர ஊர்ப்பட்ட அணிகளோடு தகுதிச் சுற்று ஆட வேண்டும், அதுவும் வாரநாளில். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இந்த அணி போனால் எனக்கு வேறு அணி கிடையாது, எவனும் கூப்பிடவும் மாட்டான்.

வாரநாள் அணியைப் பற்றிச் சொன்னால் வயிறு எரியும். ஒரு தையல்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவர், இரண்டு பாலிடெக்னிக் பையன்கள், இன்னும் இரண்டு பேர், நான். எட்டுப் பேர். வேன்காரர் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருவதற்குள் இரண்டு கோல் விழுந்திருக்கும். போட்டோக்காரர் பந்து வந்தால் முதலில் முகத்தைத்தான் மூடுவார். ராட்டினம் நட்ட குழியை எவனும் ஒழுங்காக மூடவில்லை. அதில் தையல்காரர் கால் இறங்கி ஒரு வாரம் மெஷினை மிதிக்க முடியாமல் கிடந்தார். இவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. வந்தார்களே, அது பெரிது. ஆனாலும் ஏழு தடவை வலைக்குள் குனிந்து பந்தை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே கேட்பாள், "என்ன, இன்னைக்கு எத்தன பெட்டி?" மீன் பெட்டிக் கணக்கில் கோலைக் கேட்கிறாளாம்.

"ஏளா, சும்மா கெட."

"ஏழா? நல்ல மீன்பாடுதான்."

அவள் தம்பிதான் எங்கள் அணியின் கேப்டன். ஒரு விசைப்படகின் டிரைவர். தடுப்பாட்டத்தில் அவன் நின்றால் எனக்குப் பாதி வேலை இல்லை. தலையால் முட்டியே பந்தைப் பாதி மைதானத்துக்கு அனுப்புவான். லீக் செயலாளர் போனால் போகிறதென்று எங்களுக்கு இரண்டு ஞாயிறு போட்டுக்கொடுத்தார். இரண்டும் ஜெயித்தோம். இவனும் படகுக்காரர்களும் ஆடின ஆட்டத்தைப் பார்த்து எதிர் அணிக்காரன், "ஏலே, இவனுவளா புதன்கிழமை ஏழு வாங்கினது?" என்று கேட்டான். இவனுகள் இல்லை ஐயா, அது வேறு கோஷ்டி.

செயலாளர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. கடைசி மேட்சும் ஞாயிறாக வேண்டும் என்று அவர் வீட்டு வாசலில் மூன்று தடவை போய் நின்றேன்.

"என்ன வே, ஊருக்கெல்லாம் ஒரு ஞாயித்துக்கெழமதான் இருக்கு. எட்டு டீம் இருக்கு. எல்லாத்தையும் ஒமக்கே எழுதி வைக்கவா?"

"கடைசி ஒண்ணு மட்டும் சார். ஞாயிறுன்னா எங்க பயலுவ எல்லாம் இருப்பானுவ. சத்தியமா இருப்பானுவ."

கொடுத்துவிட்டார். உப்புக் கம்பெனி அணியோடு மேட்சு. அவர்கள் எங்களுக்கு ஒரு படி மேலே இருந்தார்கள். ஜெயித்தால் நாங்கள் உள்ளே, அவர்கள் வெளியே. சமனில் முடிந்தாலும் நாங்கள்தான் வெளியே. எனக்குப் பயமே இல்லை. ஞாயிறு கிடைத்துவிட்டதே!

அந்த வாரம் திங்கள்கிழமையே மேற்கேயிருந்து கச்சான் காற்று பலமாகப் பிடித்துக்கொண்டது. கடலுக்குப் போக மீன்துறை ஆபீசில் டோக்கன் கொடுக்கவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. ஐஸ் கம்பெனியில் எனக்கு வேலையே இல்லை. படகுக்காரர்கள் எல்லாரும் சாயங்காலம் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக முழு அணியும் சேர்ந்து பயிற்சி எடுத்தது. மண்ணைக் கொட்டிக் குழிகளை மூடினோம். மச்சினன் கார்னர் எடுத்து, சென்டர் பார்வர்டு தலையால் அடித்து, நான் பாய்ந்தும் பிடிக்க முடியாமல் மண்ணைக் கவ்வி எழுந்து, சந்தோஷத்தில் அவர்களையே கெட்ட வார்த்தையில் திட்டினேன். இந்த அணியைத் தோற்கடிக்க எவன் இருக்கிறான்?

வியாழக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை பேரும் கரையில் இருக்கும்போதே மேட்சை ஆடிவிட்டால் என்ன? செயலாளரிடம் ஓடினேன்.

"சார், வெள்ளிக்கெழமைக்கு மாத்துங்க சார். எல்லாரும் கரையிலதான் கெடக்கான்."

அவர் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஞாயிறு ஞாயிறுன்னு என் உசிர வாங்கினது யாரு வே? குடுத்தாச்சுல்லா? உப்புக் கம்பெனிக்காரனுக்கும் சொல்லியாச்சு. போய் வேலையப் பாரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்றைக்கும் எரிச்சல். வையவும் ஆள் இல்லாமல் போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் காற்று அடங்கியது. வலை பின்னுகிற கொட்டகையில் படகுக்காரர்களின் கூட்டம் என்று சொன்னார்கள். எத்தனை படகுக்கு ஐஸ் வேண்டும் என்று தெரிந்துவர என்னைக் கம்பெனியிலிருந்து அனுப்பினார்கள். திங்கள்கிழமைக்குத்தானே என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். ஒரு படகு முதலாளி எழுந்து, வாரம் பூராவும் கரையில் கிடந்தாயிற்று, இந்த ஒரு ஞாயிறு மட்டும் போவோம் என்றார். ஆறு கடலில் கலக்கிற சங்குமுகம் பக்கம் கணவாய் மீன் ஏறி வருகிறதாம். ஞாயிறு கட்டுப்பாடு என்னாவது என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். "பங்குச் சாமிகிட்ட கேட்டாச்சு. சனிக்கெழம சாயங்காலப் பூசைக்கு எல்லாரும் வந்துட்டாப் போதும்ன்னு சொல்லிட்டாவ," என்றார் முதலாளி. பிறகு, போகச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

முதலில் எழுந்தது என் மச்சினன் கைதான். அவன் பின்னால் சென்டர் பார்வர்டு. அப்புறம் இரண்டு விங்கர்களும். என் முழு அணியும் அந்தக் கொட்டகையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கை கிடையாது. நான் ஐஸ்காரன்.

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏலே, நாளைக்கு மேட்ச்சு இருக்குல்லா?"

"தெரியும் அத்தான்."

"தெரிஞ்சா கையத் தூக்கின?"

"என்ன செய்யச் சொல்லுதிய? டிரைவர் நானு. நான் நின்னா போட்டே நிக்கும். போட்ல இருக்கவன் வீட்டுலயெல்லாம் ஒரு வாரமா ஒண்ணும் இல்ல. அவனுவ மூஞ்சியப் பாத்துட்டுப் பந்து ஆடப் போறேன்னு சொல்லவா?"

சட்டையை விட்டேன். அவன் சொன்னதும் நியாயம்தான். நியாயம், நியாயம், எல்லாரிடமும் நியாயம் இருந்தது. எனக்கு மட்டும்தான் அணி இல்லை.

சாயங்காலப் பூசை முடிந்து எல்லாரும் வரிசையாகப் படகுக்கு வந்தார்கள். ஐஸை நான்தான் அரைத்தேன். ஒவ்வொரு படகாக, கூடை கூடையாக, என் கையாலேயே ஏற்றினேன். ஐஸ் ஏறாமல் படகு போகாது. கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் வேறொருத்தன் வந்து ஏற்றுவான். மச்சினன் படகுக்கு ஏற்றும்போது அவன் தன் கேப்டன் கைப்பட்டையை என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனான்.

ஞாயிறு சாயங்காலம் மைதானத்தில் கூட்டம். வாரநாளில் நாய்கூட வராது, அன்றைக்கு ஊரே வந்திருந்தது. பெண்கள், பெரியவர்கள், கைக்குழந்தைகள். ஜெயிக்கிற அணியைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் நாங்கள் எட்டுப் பேர் நடந்து போனோம். தையல்காரர் இன்னும் நொண்டிக்கொண்டிருந்தார். யாரோ விசில் அடித்துச் சிரித்தான். உப்புக் கம்பெனி பதினோரு பேர், ஒரே மாதிரி பூட்ஸ்.

அன்றைக்கு அந்த எட்டுப் பேரும் ஆடின ஆட்டத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். போட்டோக்காரர் முகத்தை மூடவில்லை. கோலுக்குப் போன பந்தை மூக்கிலேயே வாங்கி, ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஆடினார். வேன்காரர் விழுந்து விழுந்து தடுத்தார். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, வந்த பந்தையெல்லாம் பிடித்தேன். இடதில் பாய்ந்தேன், வலதில் பாய்ந்தேன், கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டேன். கடைசி விசில் ஊதும்போது ஒரு கோல்கூட என்னைத் தாண்டவில்லை. அந்த சீசனில் நான் கோல் வாங்காத ஒரே மேட்சு அது.

நாங்களும் ஒரு கோல் போடவில்லை. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு எங்கே போடுவது? சமன். நாங்கள் வெளியே. கூட்டம் கைதட்டியது. செயலாளர் வந்து முதுகில் தட்டி, "நல்லா நின்னீரு வே," என்றார். அவர் கையைத் தட்டிவிட்டேன்.

அன்றைக்கு மனைவி எத்தனை பெட்டி என்று கேட்கவில்லை. மறுநாள் மச்சினன் ஒரு பை நிறையக் கணவாய் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நல்ல பாடாம். வறுத்து வைத்தாள். நான் தட்டை நகர்த்தினேன்.

"கணவா ஒமக்கு என்ன செஞ்சிது?" என்றாள். பிறகு அவளும் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு படகெல்லாம் கட்டிக்கிடந்தன. நாலு மணிக்குக் கால் தானாக மைதானத்துக்குப் போயிற்று. போய்ப் பார்த்தால் எல்லாரும் வந்திருந்தார்கள். படகுக்காரர்கள் அத்தனை பேரும், வாரநாள்காரர்கள் அத்தனை பேரும். மூக்கில் பிளாஸ்திரியோடு போட்டோக்காரரும் வந்திருந்தார். அந்த வருஷம் இத்தனை பேர் ஒரு நாளும் சேர்ந்ததில்லை. எதிரே ஆட ஒரு அணியும் இல்லை.

மச்சினன்தான், "பிரிச்சு ஆடுவோம். ஞாயித்துக்கெழம ஆளுவ ஒரு பக்கம், மத்தவங்க ஒரு பக்கம்," என்றான். என்னைப் பார்த்து, "அத்தான், நீங்க இங்கன வாங்க. நீங்க எங்க கோலியில்லா," என்றான்.

நான் அவனைத் தாண்டி நடந்துபோய் எதிர்ப்பக்கக் கம்பத்தில் நின்றேன்.

"அன்னைக்கு வந்தவனுக்குத்தான்ல நான் கோலி," என்றேன். "நீ அடி, பாப்போம்."

அவன் பந்தைக் கொண்டுவந்தான். தடுக்கப் போன தையல்காரரைச் சுலபமாகத் தாண்டிவிட்டான். எனக்கும் அவனுக்கும் நடுவில் யாரும் இல்லை. அந்த இடத்திலிருந்து அவன் அடித்தால் வலை கிழியும். மெதுவாகத் தட்டினான். பந்து உருண்டு வந்து என் கைக்குள் நின்றது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பந்தை அவன் காலடியிலேயே எறிந்து, "ஒழுங்கா அடில!" என்று கத்தினேன்.

அவன் இரண்டாவது தடவையும் மெதுவாகத்தான் தட்டினான்.