ஆளைப் பார்க்காமல் தராத பட்டை

இங்கே மரங்களுக்குச் சேற்றுப் பற்றுப் போடுகிறார்கள். டான்சானியாவில் நான் வேலை செய்யும் தங்கச் சுரங்கத்துக்குப் போகிற வழியெல்லாம் மண் பூசிய மரங்கள்தான். மருந்துக்குப் பட்டை உரித்த இடம் ஆறுவதற்காம். பக்கத்து வீட்டு நீமாதான் இந்தக் கிராமத்துக்கு மருந்து தருகிறவள். சூரியன் உதிக்கும் பக்கம் ஒரு துண்டு, மறையும் பக்கம் ஒரு துண்டு. அதற்கு மேல் மரத்தில் கத்தி வைக்கமாட்டாள். கே.ஜி.எஃப்., நம் கோலார் தங்கவயலில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கும் முதலில் இருந்தது. இப்போது எதுவும் தோன்றுவதில்லை, ஷிஃப்டுக்குப் போய்வருகிறேன்.

கே.ஜி.எஃப்.பின் ஸ்கெலட்டன் பகுதியில் அக்கா வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு இருமல் முற்றிவிட்டது. சுரங்கத் தூசு தந்த இருமல். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். நீமா காய்ச்சிக் கொடுக்கும் பட்டைக் கஷாயத்தால் இங்கே வயதானவர்கள் கொஞ்சம் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்பாவும் தூங்கினால் போதும் என்றிருந்தது. ஊருக்குப் போகும் நண்பனிடம் கொடுத்தனுப்பப் பட்டை கேட்டேன். ஆளைப் பார்க்காமல் தரமாட்டேன் என்றாள். சரியென்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

நீமா குனிந்து உற்றுப் பார்த்ததும் அப்பா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வு எனக்குத் தெரியும். அவர் சுரங்கத்தில் இருந்த காலத்தில், கம்பெனி மெடிக்கல் செக்கப் அன்று இருமிவிட்டால் அண்டர்கிரவுண்ட் வேலை போய்விடும். அதனால் கடைவாயில் அதிமதுரத் துண்டை அடக்கிக்கொண்டு, நெஞ்சை விரித்து, இப்படித்தான் போய் நிற்பார். எங்கள் கம்பெனி லைன் வீடுகளில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான்.

"அப்பா, இவங்க மருந்து குடுக்கிறவங்க. சும்மா இருமிக் காட்டுங்க."

"எனக்கின்னாடா இருமல்? நல்லாத்தான் கீறேன். அந்தம்மாகிட்ட சொல்லு." மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"உன் அப்பா நன்றாக இருக்கிறார். நோயில்லாதவருக்காக மரத்தை ஏன் காயப்படுத்த வேண்டும்?" என்று நீமா எழுந்தாள். அரைகுறை ஸ்வாஹிலியில் மெடிக்கலைப் பற்றி விளக்கிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "மருந்து தருகிறவளிடம் யாராவது இருமலை ஒளிப்பார்களா?"

மறுநாள் அக்கா போன் செய்தாள். "நீ போனை வெச்சதும் ஆரம்பிச்சுதுடா, இன்னும் நிக்கல. கோலார் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துட்டோம். அவரால பேசக்கூட முடியல."

அழுகை வரவில்லை. இருமல்தான் வந்தது. இங்கேயும் தூசுதானே.

கொஞ்ச நேரத்தில் நீமா ஒரு குவளையோடு வந்தாள். "சுவர் வழியாகத் தினமும் கேட்கிறது. உனக்குத்தான் இருமல். யாருக்கும் அனுப்பாமல் என் எதிரிலேயே குடி."

வாசனையிலேயே தெரிந்தது, அதே பட்டை. கோலாரில் இருமிக்கொண்டிருப்பவருக்காகக் கேட்ட மருந்தை இங்கே நான் குடித்து முடித்தேன்.