அங்கப்பனின் சொந்த இஷ்டம்

கருமத்தம்பட்டியில் விசைத்தறி போட்டிருந்த அங்கப்பனுக்கு அரசாங்கம் என்றாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். வரி எதற்கு, லைசென்ஸ் எதற்கு, ஒருத்தனைக் கட்டாயப்படுத்த இன்னொருத்தன் யார் என்று கையிலிருக்கும் டீ ஆறிப்போகிறவரை பேசுவார். தறிக்கு வருகிற இலவசக் கரண்டை மட்டும் வேண்டாமென்று அவர் சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கும் அந்தப் பேச்சு. தலைக்கு மேல் ஆள் இல்லாமல் வாழ யாருக்குத்தான் ஆசையில்லை?

தறி ஓட்டிய ரசாக், ராத்திரி ஷிப்ட் உடம்புக்கு ஆகவில்லை, பகலுக்கு மாற்றுங்கள் என்று கேட்டபோதும் இதே கொள்கைதான். "உன்னைய ஆரும் கட்டாயப்படுத்தலையே ரசாக்கு. இஷ்டமிருந்தா ஓட்டு, இல்லீன்னா போயிக்கோ." ரசாக் மறுநாளும் ராத்திரிக்கே வந்தான். அதையும் அவனுடைய இஷ்டமாகவே அங்கப்பன் எடுத்துக்கொண்டார்.

போன வருஷம், நெசவுக் கூலியை உயர்த்தச் சொல்லி ஜவுளி வியாபாரிகளுக்கு எதிராகத் தறிக்காரர் சங்கம் முடிவெடுக்க, ஊரே தறியை நிறுத்தியது. அங்கப்பன் மட்டும் நிறுத்தவில்லை. என் தறி, என் இஷ்டம் என்றார். கல்லெறிவார்கள் என்று மனைவி தெய்வாத்தாள் பயந்தாள். ஒரு கல்லும் விழவில்லை. அவர் டீக்கடைக்குப் போனால் பெஞ்சு காலியானது, அவ்வளவுதான்.

ஊர்த் தறிகள் ஓடாமல் நின்றிருந்தபோதே மகன் மதன்குமாருக்குக் கல்யாணம் நெருங்கியது. கல்யாணச் சடங்கான சீர்களை முன்னின்று நடத்த, அருமைக்காரர் என்கிற பெரியவர் வேண்டும். பத்திரிகையோடு போன அங்கப்பனை அருமைக்காரர் தம்பிதுரை உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், வர முடியாது என்றார். சங்கத்துக்காரர்கள் மிரட்டினார்களா என்று அங்கப்பன் கேட்டார்.

"என்னைய ஆரும் கட்டாயப்படுத்தலே கண்ணு. நானாத்தான் வரலே."

அங்கப்பன் பத்திரிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடித்திருந்தால் போலீசுக்குப் போயிருக்கலாம், இதற்கு எங்கே போவது? பக்கத்து ஊர் அருமைக்காரரும் அதையே சொன்னார். சீர் செய்ய ஆளில்லாத வீட்டுக்குப் பெண்ணை அனுப்பப் பெண் வீட்டார் யோசித்தார்கள். தெய்வாத்தாள் சோற்றைத் தொடவில்லை.

அங்கப்பன் தறிகளை நிறுத்தினார். மறுநாளே தம்பிதுரை தானாக வந்து, பந்தக்கால் நடுவது என்றைக்கு என்று விசாரித்தார்.

கல்யாணத்தில் ஊரே சாப்பிட்டது. பந்தி நடுவில் சங்கத் தலைவர் வெங்கடபதி, நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்: "நீங்களா மனசு வெச்சு நிறுத்துனீங்க. நாங்க ஒரு வார்த்தை சொல்லலே, இல்லீங்களா?"

எதிர்ப் பந்தியில் ரசாக் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"ஆமாங்க," என்றார் அங்கப்பன். "என்ர இஷ்டந்தானுங்க."