எட்டாவது தட்டு

வரிசையில் முன்னால் போகச் சண்டை போடுகிறவர்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பின்னால் போகச் சண்டை போடுகிறவர்களைப் பதினோரு வருடம் கட்டி மேய்த்தவன் நான்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிறவர்கள், ரேஷன் கடையில் கார்டு அடுக்குகிறவர்கள், கல்யாண வீட்டில் பந்திக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். உங்களுக்கு இருக்காது.

திருவனந்தபுரத்தில் பழவங்காடிக்கு இரண்டு சந்து தள்ளி ஸ்டீபனின் தட்டுக்கடை. நாலு சக்கர வண்டி, மேலே தார்ப்பாய், பக்கத்தில் ஒரு பெஞ்சு. ஸ்டீபன் பாறசாலைக்காரர். சிங்கப்பூரில் ஒரு சீனர் கடையில் முதலில் சட்டி கழுவி, பிறகு சட்டி பிடித்து, தொண்ணூறுகளின் நடுவில் ஊர் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு பண்டம். வெங்காயமும் முட்டைக்கோஸும் வதக்கி, நூடுல்ஸைப் பரப்பி, கோழி எலும்பு வெந்த சாற்றை ஊற்றி, கனத்த மூடியால் மூடிவிடுவார். பன்னிரண்டு நிமிடம் மூடியைத் தொடக் கூடாது. கிளறவும் கூடாது, கிளறினால் அது உப்புமா என்பார். சாறு இறங்கியதும் மூடியைத் திறந்து, மேலிருந்து கீழாக எடுத்து எட்டுத் தட்டில் போடுவார். ஒரு சட்டிக்கு எட்டுத் தட்டு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வினை அங்கேதான். மேலே கிடப்பது வெறும் நூடுல்ஸ். சாறும், எலும்பிலிருந்து உதிர்ந்த கறியும் அடியில் கிடக்கும். முதல் தட்டைத் தின்றவர் தண்ணீர் கேட்பார். எட்டாவது தட்டைத் தின்றவர் தட்டை வழித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். இந்த ரகசியம் ஊருக்குத் தெரிய ஆறு மாதம் ஆனது. அதன் பிறகு முதலில் நிற்க ஆள் கிடைக்கவில்லை.

அதற்குத்தான் என்னை வைத்தார். நான் வள்ளியூர்ப் பக்கம், ஐந்தாம் வகுப்பு. கட்டட வேலைக்கு வந்து, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. கம்பி வளைக்க முடியாது. ஊருக்குப் போனால் மருமகளின் முகத்தைப் பார்த்துச் சோறு தின்ன வேண்டும். இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை. வந்த முறைப்படி ஆட்களை எட்டெட்டாகப் பிரித்து, யார் எத்தனையாவது என்று விரலைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சத்தம் போட எனக்கு வராது. ஆனால் எண்ணிக்கை தப்பாது. முதல் நாளே ஸ்டீபன் சொன்னார்: "அண்ணாச்சி, உங்களைப் பத்தி மூணு பராதி என் காதுக்கு வந்தா, பின்ன நீங்க வர வேண்டாம், கேட்டோ." பராதி என்றால் புகார். நான் எண்ணிக்கொள்வேன் என்றேன்.

சேமியா

ரகசியம் தெரியாமல் புதிதாக வருகிறவர்களும் உண்டு. பாங்கில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். தட்டை வாங்கி, முகர்ந்து, சட்னி எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். சாம்பார் கேட்டார். அதுவும் இல்லை. கொஞ்சம் சீனியாவது தூவித் தரச் சொன்னார். ஸ்டீபன் சிங்கப்பூர்க் கதையை ஆரம்பித்தார். கப்பல், சீனர், நெருப்பு, எல்லாம் வந்தது. பாங்க்காரர் முள்கரண்டி முழுக்க நூடுல்ஸைச் சுற்றிச் சுற்றி, வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் மூன்று முறை சட்டையில் போட்டுவிட்டு, கடைசியில் கையாலேயே பிசைந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போது ஸ்டீபனிடம் சொன்னார்: "ஒன்பது வருஷம் கடல் கடந்து போய் சேமியா வேக வைக்கவா படிச்சீங்க?"

மரியாதைக்காரர்கள்

ரகசியம் தெரிந்த பிறகு ஊருக்கு மரியாதை கூடிவிட்டது. எல்லாரும் எல்லாருக்கும் வழிவிட்டார்கள். எதிரே சோடாக் கடையில் நின்று, குடிக்காத சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் வரிசையை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஏழாவது ஆள் வந்ததும் அங்கிருந்து ஆறு பேர் ஒரே நேரத்தில் சாலையைக் கடப்பார்கள். பஸ்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார்கள்.

ஒரு நாள் இரண்டு பெரிய மனிதர்கள் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். ஒரே ஆபீஸ், ஒரே பதவி போல. வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆக ஒருவர் ஏழு, ஒருவர் எட்டு. நீங்கள் முதலில் நில்லுங்கள் என்றார் ஒருவர். சார் இருக்கும்போது நானா என்றார் மற்றவர். வயதைச் சொன்னார்கள், சர்வீஸைச் சொன்னார்கள், ஒருவர் மற்றவரின் மாமனார் வரைக்கும் மரியாதை செய்தார். நான் பதினேழு "நீங்க முதல்ல" வரை எண்ணினேன். அதற்குள் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து அந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். சட்டி முடிந்தது. அடுத்த சட்டிக்கு இவர்கள் ஒன்று, இரண்டு. விரலைக் காட்டினேன். இரண்டு பேரும் அப்போதுதான் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்து, நேரே ஸ்டீபனிடம் போனார்கள். மூத்தவர் சொன்னார்: "மூத்தவங்களை முன்னால நிறுத்தி அவமானப்படுத்துறதுக்கா சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வெச்சிருக்கீங்க?"

அது பராதி ஒன்று.

ஐந்தோடு நிறுத்தியவர்

கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து ஒரு மாமா வருவார். கோயிலுக்கு வந்த கோலத்திலேயே, நெற்றியில் ஈரம் காயாமல். பத்து நாள் வண்டியைத் தாண்டிப் போனார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெதுவாகப் போனார். பதினோராம் நாள் நின்று, இதில் என்னென்ன சேருகிறது என்று கேட்டார். நான் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறவன். விரல் விட்டுச் சொன்னேன்: நூடுல்ஸ், வெங்காயம், முட்டைக்கோஸ், மிளகு, உப்பு. ஆறாவது விரலை மடக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார். வண்டிக்குப் பின்னால், தார்ப்பாய் மறைவில் நின்று சாப்பிட்டுவிட்டு, போகும்போது சொன்னார்: "அஞ்சு சொன்னேள், அஞ்சும் பரம சாத்வீகம். மேற்கொண்டு யார் கேட்டாலும் நீங்க ஸ்கூல்ல அஞ்சு வரைக்கும்தான் படிச்சேள்னு சொல்லிடுங்கோ."

ஷூ லேஸ்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் இருந்தார். எந்த நாளும் மூன்றாவதாகவோ நாலாவதாகவோதான் வருவார். சோடாக் கடையில் நிற்கும் பொறுமை கிடையாது. ஆனால் மூடி திறக்கும் நேரத்தில் அவருடைய ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். வரிசையிலிருந்து ஓரமாக ஒதுங்கி, குனிந்து, நிதானமாகக் கட்டுவார். நிமிரும்போது ஏழு தட்டு போயிருக்கும். வாரத்துக்கு நாலு நாள் இப்படி. நான் ஒன்றும் சொன்னதில்லை. ஒதுங்கியவரைக் கடைசியில் சேர்ப்பதுதான் வழக்கம்.

ஒரு மழை நாள். மூடி திறந்தது. அவர் வழக்கம்போல ஒதுங்கினார், குனிந்தார், இரண்டு கையும் பாதத்துக்குப் போனது. நான் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல்தான் சொன்னேன்: சார், இன்றைக்கு ரப்பர் செருப்பு. எனக்குச் சத்தம் வராது என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு மட்டும் எப்படியோ எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவர் நிமிரவே இல்லை, குனிந்தபடியே திரும்பி ஸ்டீபனைப் பார்த்துச் சொன்னார்: "என் காலை நான் பார்க்குறேன். இவருக்கு எதுக்கு என் கால்?"

பராதி இரண்டு. மிச்சம் ஒன்று.

முதல் தட்டு கேட்டவள்

பதினோரு வருடத்தில் முதல் தட்டைத் தானாகக் கேட்டு வாங்கிய ஆள் ஒன்றே ஒன்று. பெயர் செல்வி. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண். தோட்டத்தில் சம்பளம் நின்ற பிறகு பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு வந்தவள். மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அது போனால் அடுத்தது கிடையாது. அவளைக் கண்டதும் வரிசையே மலர்ந்துவிடும். பிள்ளை முன்னால் போகட்டும், பாவம், பெண் பிள்ளை அல்லவா என்று ஏழு ஆண்கள் இரக்கப்படுவார்கள். அவ்வளவு இரக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வாரம் ஆறு நாள், இரண்டு வருடம், சாறில்லாத தட்டையே தின்றிருக்கிறாள். ஒரு நாள் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன். பிள்ளை, ஒரு நாளாவது எட்டாவதாக நின்று பார் என்றேன். அவள் நின்றபடியே தின்றுகொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தெரியும் ஐயா. துணிக்கடையிலயும் மடிச்சு வெச்சதுல மேல வெளுத்துக் கிடக்குறதைத்தான் எங்களுக்குத் தருவாங்க."

ஆபீசர்

ஒரு சாயங்காலம் ஜீப்பில் ஒரு ஆபீசர் வந்து இறங்கினார். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். வண்டி அந்தச் சந்தில் நிற்கலாமா கூடாதா என்று சொல்லக்கூடியவர் என்பது மட்டும் ஸ்டீபனின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வரிசையில் ஏழு பேர். அவர் எட்டாவது. சோடாக் கடையில் நிற்கிறவர்கள் ஒரு மாதம் தவம் கிடந்தாலும் கிடைக்காத இடம், அவருக்குத் தானாக வந்தது.

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏழு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். சார் முன்னால் வர வேண்டும் என்றார்கள். சார் நிற்கும்போது நாங்கள் தின்பதா என்றார்கள். ஒருவர் தன் கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்தார். ஆபீசர் மகிழ்ந்துபோனார். ஸ்டீபனும் முதல் தட்டை எடுத்துத் தோளுயரத்துக்கு நீட்டிவிட்டார். பயத்தில் தன் சட்டியின் லட்சணம் அவருக்கே மறந்துவிட்டது.

நான் என்ன செய்ய. எண்ணிக்கை எட்டு. ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் மூன்று விரலும் காட்டினேன். அவர் கண்ணில் படவில்லையோ என்று இன்னொரு முறையும் காட்டினேன். ஆபீசரின் முகம் கறுத்தது. ஏழு பேர் முடியும்வரை நின்றார். எட்டாவது தட்டை வாங்கினார். வழித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கண்ணைத் திறந்து, ஸ்டீபனைக் கூப்பிட்டு, என்னைக் காட்டிச் சொன்னார்: "என்னை இவன் கடைசியில நிறுத்தினான். என் சர்வீஸ்ல ஒருத்தனும் செய்யாத காரியம்."

தோள் துண்டு

ஸ்டீபன் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய தேவை இல்லை. மூன்று வரை எண்ண எனக்குத் தெரியும். தோளில் கிடந்த கடைத் துண்டை மடித்து வண்டிக் கம்பியில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் சாலை பஜாரில் என் அறையில் உட்கார்ந்து, ஊருக்குப் போகும் ரயிலையும் மருமகளின் முகத்தையும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்டீபன் வந்தார். கையில் கரண்டி இருந்தது. கீழே வைக்க மறந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார். மூன்று ஆகிவிட்டதே முதலாளி என்றேன். அவர் வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார்.

"அண்ணாச்சி, மூடி தொறந்து கால் மணிக்கூர் ஆச்சு. முதல் தட்டு ஆறிப்போய்க் கிடக்கு, எடுக்க ஆளில்லை. எட்டாவது நான்தான்னு பதினாலு பேர் நிக்காங்க, அதுல ஒருத்தர் நேத்தைய ஆபீசர்."

இந்த ஊரில் யாராவது உங்களுக்கு மரியாதையாக வழிவிட்டால், நன்றி சொல்வதற்கு முன்னால் சட்டியின் அடியில் என்ன கிடக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.