கேம் பெட்டியின் இடது பாதி

ஐம்பத்திரண்டு வயதில் நான் எனக்காகக் கேம் பெட்டி வாங்கப் போனேன் என்றால் மேலப்பாளையத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பினாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கையில் ஊசியோடு நான்கு மணி நேரம் மல்லாந்து கிடந்தவள் நான்தானே, அவர்களா?

இரண்டு வருடத்துக்கு முன்பு என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் டயாலிசிஸ். அதற்கு ஊசி குத்த வசதியாக ஒரு கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்துவைப்பார்கள். "எந்தக் கை அதிகமா வேலை செய்யுதோ அத விட்டுட்டு மத்த கையில போடுவோம். உங்களுக்கு எந்தக் கை?" என்று டாக்டர் கேட்டார். "நான் பீடி சுத்துதவ டாக்டர். எனக்கு ரெண்டு கையும்லா வேலை செய்யும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு இடது கையில் போட்டார்.

முப்பது வருடம் மடியில் தட்டை வைத்து இலை வெட்டி, தூள் போட்டு, சுருட்டி, நூல் கட்டிய கைகள். வாய் ஊர்க்கதை பேசினாலும் கை நிற்காது. அப்படிப்பட்டவளை நான்கு மணி நேரம் சும்மா கிட என்றால் எப்படிக் கிடப்பது? முதல் மணி நேரம் தஸ்பீஹ் மணி உருட்டி ஓதுவேன். அடுத்த மணி நேரம் கடிகாரத்தைப் பார்ப்பேன். மூன்றாவது மணி நேரத்தில் கிறுக்குப் பிடித்துவிடும். போனை ஒற்றைக் கையில் தூக்கிப் பிடித்துப் படம் பார்த்தேன், இரண்டு தடவை மூக்கிலேயே விழுந்தது. "போதும் சிஸ்டர், கழட்டி விடு" என்று கத்துவேன். வெளியே பெஞ்சில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஓடி வந்து, "ஏட்டி, இன்னும் ஒரு மணி நேரம்தான, கொஞ்சம் பொறு" என்று கெஞ்சுவார். "நீங்க வந்து படுங்க, அப்பத் தெரியும்" என்பேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பாதியில் எழுந்து வந்துவிடுவேன்.

அப்படி வந்த ஒவ்வொரு தடவையும் உடம்பில் தங்கிய தண்ணீர் நெஞ்சை அடைத்தது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவேன். ஒரு நாள் டாக்டர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார், "இப்பிடியே பாதியில எந்திரிச்சுப் போனா இன்னும் எத்தன மாசம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது." எனக்கும் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கேம் பெட்டி வாங்கலாம் என்றது, காலேஜில் படிக்கும் என் மகள். "உம்மா, ஒங்களுக்குப் பொறுமை இல்லாம இல்ல. கைக்கு வேலை இல்ல, அதான்" என்றாள். பெற்ற பிள்ளை சரியாகப் பிடித்துவிட்டாள்.

மூவரும் வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். "எத்தன வயசுப் பிள்ளைக்கும்மா?" என்றார் கடைக்காரர். "அம்பத்திரண்டு வயசுப் பிள்ளைக்கு" என்றேன். மனிதர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். நடுவில் திரை, இரண்டு ஓரத்திலும் பொத்தான்கள். "ஒத்தக் கையால ஆட முடியுமா?" என்றதும் விழித்தார். அவர் கடை வைத்த நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி போல.

கேட்டு என்ன செய்ய? ஸ்டூலில் உட்கார்ந்து, "என் எடது கையப் பிடிச்சுக்கோங்க, அசைய விடாதீங்க" என்று என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். கல்யாணமாகி முப்பது வருடத்தில் தெருவில் என் பக்கத்தில் நடக்கவே கூச்சப்படும் மனிதர், கடை நிறைய ஆள் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். முதல் இரண்டு பெட்டியும் ஒற்றைக் கையில் நிற்காமல் மடியில் விழுந்தன. மூன்றாவதில் இரண்டு ஓரமும் தனித்தனியாகக் கழன்று வந்தன. திரையை எதிரே நிறுத்திவிட்டு, வலது பாதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆடக்கூடிய ஆட்டங்களும் அதில் இருந்தன.

"அப்ப எடது பாதி எதுக்கு? அத நீங்களே வச்சுக்கிட்டு பாதி வெல போடுங்க" என்றேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பாதி சாமானுக்கு முழு விலையா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டாம் என்று எழுந்தேன். எழ முடியவில்லை. வீட்டுக்காரர் கையை விடவில்லை.

"ஒனக்கு நாலு மணி நேரம் ஓடுனாப் போதும். மத்த பாதி கெடந்துட்டுப் போகட்டும்" என்றார்.

வாங்கினோம். கலர் கட்டைகளை அடுக்கும் ஆட்டம் ஒன்றில் மூன்று மணி நேரம் ஓடியது. சில நாள் மூன்றரை. அதற்கு மேல் அதுவும் சலித்தது, மறுபடியும் சிஸ்டரைக் கூப்பிட ஆரம்பித்தேன். போட்ட காசு தண்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

என் வலது பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் அவர். நாங்குநேரிப் பக்கம் வாழை போடுகிறவர். பிறவியிலேயே இடது கைப் பழக்கம், அதனால் ஊசி அவருக்கு வலது கையில். என் பக்கம் இருந்த அவருடைய இடது கை மெத்தையில் சும்மா கிடக்கும். "தங்கச்சி, அதுக்கு இன்னொரு பாதி இருக்கணுமே?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி, வீட்டுல சும்மா கெடக்கு."

"எங் கையும் இங்கன சும்மாதான கெடக்கு?"

யா அல்லாஹ், இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லையே! அடுத்த தடவை இடது பாதியும் வந்தது. ஆற்றைத் தாண்டி ஓடும் ஒரு குட்டிப் பொம்மை ஆட்டத்தை மகள் போட்டுக் கொடுத்தாள். இடது பாதி அதை நடத்தும், வலது பாதி அதைத் தாண்ட வைக்கும். அவர் நடத்துவார், நான் தாண்ட வைப்பேன். முதல் நாள் பூரா பொம்மை தண்ணீரில்தான் கிடந்தது.

"பைய நடங்க அண்ணாச்சி! வயலுக்குத் தண்ணி பாச்ச ஓடுத மாதிரியா ஓடுவீங்க?"

"நான் சரியாத்தான் நடக்கேன். நீ தாண்டும்போது தூங்குத!"

எதிர்க் கட்டில்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். மூன்றாவது வாரம், எங்கள் பொம்மை ஆற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது வாசலில் நிழலாடியது. மூன்று மணி நேரம் முடிந்துவிட்டது, இவள் கத்துவாள் என்று என் வீட்டுக்காரர் கெஞ்சுவதற்குத் தயாராக வந்து நின்றார். "வெளிய இருங்க, இப்பப் பேசப்படாது" என்று விரட்டினேன். சிஸ்டர் வந்து மிஷினை நிறுத்தியபோது, "ஏன், என்ன ஆச்சு?" என்று பதறினேன். "நாலு மணி நேரம் ஆயிட்டும்மா" என்றாள். அண்ணாச்சி வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தார். அவருக்கு நான் கடன்பட்டவள். அல்ஹம்துலில்லாஹ், அந்த இடது கைக்கும் சேர்த்து.

வழக்கம்போல என் வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குத் திரும்பினோம். மேலப்பாளையம் வந்ததும் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு, திரும்பாமலே சொன்னார், "இன்னைக்கு முழுசா நாலு மணி நேரம்."

"ஆமா, வெளிய ஒக்காந்து எண்ணிக்கிட்டா இருந்தீங்க?" என்றேன், வழக்கமான வாயில்.

"ரெண்டு வருசமா எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் வண்டியைக் கிளப்பினார். எப்போதும் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறவள், அன்று கட்டுப் போட்ட கையையும் சேர்த்து இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன். தெரு பார்த்தது. அவர் கூச்சப்படவில்லை.