ஆளில்லாத தெருவுக்கு மஞ்சள் நிறம்

நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக இருந்தபோது, ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்குக் கள ஆய்வுக்குப் போனேன். அந்த வட்டாரத்துக்குப் புதிய நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தது. அரசு வழிகாட்டுதலின்படி, குடியிருப்பு என்றால் மஞ்சள், தொழிற்சாலைப் பகுதி என்றால் ஊதா. சுற்றிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். நடுவில் ஒரே ஒரு தெரு. அங்கே இப்போது ஆட்கள் இருக்கிறார்களா என்று நேரில் பார்த்து எழுத வேண்டும்.

என்னோடு வந்த சர்வேயர் தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். நல்ல வெயில். எல்லா வாசலிலும் கோலம். கொடிகளில் துணி காய்ந்தது. ஒரு வீட்டுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு நாய் குரைக்கவில்லை. ஒரு காக்கை இல்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க ஒரு தலை இல்லை.

"இன்னா மேடம், எல்லாரும் வேலைக்குப் போய்ட்டாங்களா?" என்றார் சர்வேயர். குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

நான் கோலங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லாவற்றிலும் இடது பக்க இதழ் ஒன்று ஒரே மாதிரி கோணியிருந்தது. எல்லாம் ஒரே கை.

கடைசி வீட்டிலிருந்து நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். விரல்களில் கோலமாவு. வீட்டுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "வாங்க மேடம், நான் கேட்டுச் சொல்றேன்" என்று பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

"அக்கா! ஆபீஸ்லேர்ந்து வந்துருக்காங்க. எத்தினி பேருன்னு கேக்கறாங்க."

கதவில் காதை வைத்துக் கேட்டாள். எங்கள் பக்கம் திரும்பி, "நாலு பேரு. பெரியவனுக்கு ஜுரமாம்" என்றாள்.

சர்வேயர் எழுதப்போனார். நான் கதவைத் தள்ளினேன். சுவரில் இடுப்புயரம் வரை உப்புப் பூத்திருந்தது. ஓடு சரிந்து வானம் தெரிந்தது. பெருக்கிய தரையில் நாலு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. வேறு ஒன்றுமில்லை.

"இங்க யாரும் இல்லையேம்மா."

"தண்ணி பேஜாராப் போச்சு. கெணத்துல நொரை. எல்லாரும் போய்ட்டாங்க. ஆள் இல்லன்னு எழுதிட்டா கம்பெனி ஏரியா ஆக்கிடுவாங்களாமே? அப்பறம் அவங்க எங்க வருவாங்க?"

"அப்ப நாலு பேருன்னு யார் சொன்னது?"

"அக்காதான்" என்றாள். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

உள்ளதை அப்படியே எழுதினேன்: ஒரு வீட்டில் மட்டும் ஆள். ஆனால் வரைபடம் முடிவாகும் முன் ஆட்சேபம் சொல்ல விதியில் இடம் உண்டு என்று அவளிடம் சொன்னேன்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்தாள். ஒரு வரிசை நாற்காலிகளைப் பிடித்துவைத்துக்கொண்டு, உட்கார வந்தவர்களிடமெல்லாம் "ஆள் இருக்குது" என்றாள். வந்தவர்கள் வேறு வரிசைக்குப் போனார்கள். முறை வந்ததும் எழுந்து, "வீடு இருக்குது, பட்டா இருக்குது, தண்ணி மட்டும்தான் கெட்டுப்போச்சு. அதை சரிபண்ணாம ஊரையே எடுத்துட்டா எப்படிங்க?" என்றாள்.

கூட்டம் நடத்திய அதிகாரி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். தெரு மஞ்சளாகவே இருக்கட்டும் என்றார்.

அவள் காலி நாற்காலிகளின் பக்கம் குனிந்து, "சரின்னுட்டாங்க" என்று மெல்லச் சொன்னாள்.

கூட்டம் கலைந்தது. அவள் வாசலில் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். அறையில் என்னைத் தவிர யாருமில்லை. ஒரு வரிசை ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேற ஆகும் நேரம் அப்படியே நின்றாள். அப்புறம்தான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.